காலந்தாழ்த்திய இரங்கல்

சமயம் மனிதனுக்கு ஆற்றும் பணிகளுள் இறுதியானது, இறந்தவனை மரியாதையுடன் வழியனுப்பி, இருப்பவரைத் தேற்றுவதாகும். எம்மவரிடையே மங்கல வீட்டுக்கு அழைத்தாற் போவதும், மரண வீட்டுக்கு அழையாமலே போவதும் வழக்கு. பல்லாண்டு பேசாதிருந்த அயலவனும் பறையொலி கேட்டால் படலையைத் திறந்து உள்ளே வருவான். இவ்வழக்கினுள் வளர்ந்த எனக்கு, 1973 இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் நிகழ்ந்ததைப் படித்தபோது, அங்கு மூண்ட தீயினும் அதன்பின் நிலவிய மௌனமே அதிகம் சுட்டது.

அவ்வாண்டு யூன் 24, ஞாயிறு மாலை, ‘அப்ஸ்டெயர்ஸ் லவுஞ்ச்’ என்ற மாடி மதுச்சாலைக்கு ஏறும் படிக்கட்டில் எரிதிரவம் ஊற்றித் தீ மூட்டப்பட்டது. தன்பாலீர்ப்பினர் அச்சமின்றிக் கூடும் இடம் அது. 32 பேர் மாண்டனர். குற்றத்திற்காக எவரும் தண்டிக்கப்பட்டிலர். மாண்டவருட் பலர் ‘மெற்றோபொலிற்றன் சமுதாயத் திருச்சபை’யைச் சார்ந்தோர்; அவர்தம் போதகர் வில்லியம் லார்சனும் அத்தீயிலேயே இறந்தார். இச்சபையை நிறுவியவர் ட்ரோய் பெரி. தன்பாலீர்ப்புடையவர் என்பதனாற் போதகப் பணியினின்றும் நீக்கப்பட்ட அவர், 1968 ஒக்டோபர் 6 இல், கலிபோர்னியாவிலே தமது இல்லத்தில் 12 பேருடன் முதல் வழிபாட்டை நடத்தினார். புறந்தள்ளப்பட்டோர் இறைவனைத் துறக்கவில்லை என்பதற்கு அச்சபையே சான்று.

இறந்தோர்க்கு இரங்கல் வழிபாடு நடத்த நகரின் ஆலயங்கள் பல இடமளிக்க மறுத்தன. புனித ஜோர்ஜ் எப்பிஸ்கோப்பல் ஆலயக் குரு வில்லியம் றிச்சட்சன் மறுநாளே சிறியதொரு செபக்கூட்டத்தை நடத்தினார். அதற்காக அவருடைய ஆயர் அவரைக் கடிந்துகொண்டார். கண்டனங்களும் வந்து குவிந்தன. யூலை 1 இல் புனித மாற்கு மெதடிஸ்த ஆலயம் தன் கதவைத் திறந்தது. வழிபாட்டின் முடிவில், வெளியே படப்பிடிப்பாளர் நிற்கின்றனர், விரும்பியோர் பக்கவாயிலாற் செல்லலாம் என அறிவிக்கப்பட்டது. முகம் வெளிப்பட்டால் தொழிலும் உறவும் பறிபோகக்கூடிய காலம் அது. ஆயினும், எவரும் பக்கவாயிலை நாடவில்லையெனப் பெரி பின்னர் நினைவுகூர்ந்தார்.

2003 இல் அவ்விடத்து நடைபாதையிலே நினைவுப் பட்டயம் ஒன்று பதிக்கப்பட்டது. 2013 இல், நாற்பதாண்டு கழிந்தபின், கத்தோலிக்கப் பேராயர் கிரகரி ஏமண்ட் மன்னிப்புக் கோரினார். 2022 இல் நகரசபையும் மன்னிப்புக் கேட்டது. பேராயரின் கூற்று வரவேற்கத்தக்கதே. ஆனால், திருச்சபை அன்று ஆறுதல் கூறாதிருந்திருக்குமாயின் வருந்துவதாகவே அவர் கூறினார். அந்த ‘ஆயின்’ என்னைச் சிந்திக்கவைத்தது. இறந்தோரின் பெயர்களைக் கல்லிற் பொறிப்பது எளிது. அன்று நாம் எங்கே நின்றோம் என்பதை ஐயத்துக்கிடமின்றிச் சொல்வதே அரிது. வரலாற்றைக் கௌரவித்தலென்பது மற்றவரின் துயரைப் போற்றுவது மட்டுமன்று. தன் மௌனத்தையும் அவ்வரலாற்றின் ஓர் அத்தியாயமாக ஏற்பதுமாகும்.

கோட்பாடு மாறாமல் ஏற்பு எவ்வாறு சாத்தியம் என வினவுவோர் உளர். வினா நியாயமானதே. மணம், குருத்துவம் முதலியன பற்றிய விவாதம் திருச்சபைகளில் இன்றும் ஓயவில்லை. எனினும், றிச்சட்சன் எக்கோட்பாட்டையும் திருத்தும்வரை காத்திருக்கவில்லை. துயருற்றோர் வந்தனர்; அவர் ஆலயத்தைத் திறந்து அவர்களுடன் செபித்தார். விவாதம் முடியும்வரை பிரேதம் காத்திராது; பெற்றவளின் அழுகையுங் காத்திராது. நாற்பதாண்டின்பின் வந்த மன்னிப்பை, அன்று கேட்டிருக்கவேண்டிய பலர் உயிரோடு இருக்கவில்லை. எந்தச் சமயத்தவராயினும் இதனை எண்ணிப்பார்த்தல் தகும். ஏற்பின் முதற்படி சாத்திர முடிபன்று; உரிய வேளையில் உடன் நிற்றலே என்பது என் துணிபு.