வண்டி நிற்குமிடம்

மணவூர் என்னும் பெயரை நமது கலாசாலை மாணவருள் அறிந்தோர் மிகச் சிலரேயாவர். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூருக்கும் திருவாலங்காட்டிற்கும் இடையே உள்ள சிற்றூர் அது. விரைவு வண்டிகள் எம்மூரைத் திரும்பியும் பாராமல் ஓடிவிடும். மின்சார ரயில்களே நின்று எங்களை ஏற்றிச் செல்லும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிகை சென்று திரும்பும் காவடிக் கூட்டம் அவ்வண்டிகளில் நிறைந்து வழியும் நாளில், மஞ்சளாடை உடுத்தோர் நடுவே கால் வைக்க இடமின்றி நின்று கலாசாலைக்கு வந்து சேர்ந்த அனுபவம் எனக்குண்டு.

என் தந்தையார் அவ்விருப்புப்பாதையில் கேங்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேரியில் பிறந்த அவருக்கு ரயில்மீது அளவிறந்த பக்தி. "ரயிலுக்கு ஊரும் தெரியாது, சேரியும் தெரியாது. சீட்டு வாங்கினவன் ஏறலாம்" என்பார். 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் வண்டி ஓடிய பாதையன்றோ இது! வீதியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி நின்ற எம்மவர், அவ்வண்டியில் ஒதுங்க இடமின்றி அனைவரோடும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தனர். அது சிறிய காரியமன்று.

ஆயினும் தந்தையார் கூற்றை முழுதும் ஏற்க என் மனம் இசையவில்லை. வண்டிக்குள் இல்லாத பேதம் வண்டி நின்ற இடங்களில் இருந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கென்று தனி இடம் நெடுங்காலம் இருந்து, பெரியாரும் பிறரும் செய்த கிளர்ச்சியால் 1941-இல் ஒழிந்தது. பஸ்களின் கதை இன்னும் கொடிது. 1924-இல் இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்த பிறகே, பொதுச் சாலையில் யாவரும் நடக்கலாமென்பது அரசாங்கத்தின் வாக்காயிற்று. சாலையில் நடப்பதற்கே சட்டசபை கூடவேண்டியிருந்ததெனில், அச்சாலையில் ஓடும் பஸ்ஸில் ஏறுவதைப்பற்றிச் சொல்வானேன்? 1920-களின் பிற்பகுதியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார், தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். சமத்துவத்தைப்பற்றி நூறு பிரசங்கங்கள் செய்யாததை அவ்வொரு உத்தரவு செய்தது. முதலாளியின் மனம் மாறிற்றோ இல்லையோ, பஸ்ஸின் கதவு திறந்தது.

இவற்றையெல்லாம் நான் ஆராயத் தொடங்கியது புத்தக ஆசையால் அன்று, என் அத்தையால்.

அத்தை மணமாகிச் சென்னைக்குச் சென்று, சைதாப்பேட்டைக்கருகே அடையாற்றங்கரையில் ஒரு குடிசையில் வாழ்ந்தார். மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கி, வாசல் தெளித்து, இரு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். மூன்று வீடுகளும் நடந்து செல்லும் தூரம். நடுப்பகலில் தம் வீட்டிற்கு வந்து உலை வைத்துவிட்டு மீண்டும் செல்வார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் குடிசை போயிற்று. ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்து அடுக்கு மாடிகளுக்கு மாற்றப்பட்டன. அத்தைக்கும் அங்கு ஓர் அறை கிடைத்தது. மழை ஒழுகாத கூரை, தண்ணீர்க் குழாய், மின்சாரம் யாவும் இருந்தன. நன்றி கெட்டவர் போல அவற்றை நான் இகழவில்லை. ஆனால் வேலை சைதாப்பேட்டையில் இருந்தது. காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்க வேண்டியவர் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாகும், பஸ் வந்தால். ஆறே மாதத்தில் இரண்டு வீடுகள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. கூரை தந்தவர்கள், அக்கூரைக்கும் அடுப்புக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க மறந்தனர்.

இது என் அத்தை ஒருவரின் கதையன்று. 2000-ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகர், பின்னர்ச் செம்மஞ்சேரி, அதன் பின்னர்ப் பெரும்பாக்கம் என்று நகரத்தின் தென்கோடிக்கு அனுப்பப்பட்டோரிற் பெரும்பாலோர் தலித் மக்களே. ஊருக்குப் புறம்பே சேரி என்ற பழைய கணக்கை, பட்டணமும் தன்னையறியாமல் போட்டுவிட்டதோ என்று எனக்கு ஐயம் தோன்றுவதுண்டு.

பிற நாட்டாரும் இவ்வழியே வந்தவர்கள்தாம். 1893-இல் முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த காந்தியடிகளைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் வண்டியினின்றும் இறக்கிவிட்டனர். 1955 டிசம்பர் முதல் நாள், அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையார் கைது செய்யப்பட்டார். கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ் ஏறாமல் நடந்தனர். அவ்வாறு நடந்தோரிற் பலர், பிறர் வீடுகளில் வேலை செய்த பெண்கள் என்று படித்தபோது, என் அத்தையை அக்கூட்டத்தில் கண்டேன். அவர்களுக்கு ஆசனம் கிடைத்தது. ஆனால் அதே நாட்டில், செயின்ட் பால் நகரின் ராண்டோ என்னும் கறுப்பின மக்களின் குடியிருப்பைப் பிளந்துகொண்டு பின்னர்ப் பெருஞ்சாலை சென்றது. ஆசனத்தில் உள்ள பேதத்தைக் கண்ணாற் காணலாம், எதிர்த்து உட்காரலாம். வரைபடத்தில் உள்ள பேதத்தின்மேல் எங்ஙனம் உட்காருவது?

நம் திருவாலங்காட்டைப்பற்றி ஒரு வரலாறு சொல்வர். காரைக்காலம்மையார் தலையால் நடந்த தலமென்று, அம்மண்ணை மிதிக்கத் திருஞானசம்பந்தர் தயங்கினாராம். தாமே மிதியாமல் நிற்பது பக்தி. பிறரால் நிறுத்தப்படுவதற்கு வேறு பெயருண்டு.

2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் வந்தது. அத்தை மகிழ்ந்தார், நானும் மகிழ்ந்தேன். அவருக்கு மாதந்தோறும் மிஞ்சிய பணம் எங்கள் போன்றோர் கணக்கில் சிறிதன்று. ஆயினும் அச்சலுகை இல்லாத வேறு பஸ்கள் வந்து வந்து போக, சாதாரணப் பஸ்ஸுக்காகக் காத்து நின்ற நேரத்தை யார் திருப்பித் தருவார்?

சென்ற கிருத்திகைக்கு அத்தை மணவூர் வந்திருந்தார். மலைக்குப் போய்ப் படியேறித் திரும்பிய அலுப்பில் திண்ணையில் கால் நீட்டி அமர்ந்து, நான் கலாசாலைக்குச் செல்லும் வழியைத் துருவித் துருவிக் கேட்டார். சென்ட்ரலில் இறங்கிச் சாலையைக் கடந்தால் பார்க் நிலையம், அங்கிருந்து தாம்பரம் வண்டியில் சைதாப்பேட்டை என்றேன். விரல்களை மடக்கிக் கணக்குப் பார்த்தார்.

"இங்கேயிருந்தே வேலைக்குப் போகலாம் போலிருக்கே, தம்பி."

"அத்தை, ஐம்பது கிலோமீட்டருக்கு மேலே! பெரும்பாக்கத்திலிருந்து போவதைவிட நேரம் அதிகமாகும்."

"அதிகந்தான். ஆனா வண்டி எப்போ வரும்னு தெரியுமே."

தந்தையார் அருகில் இருந்தார். தாம் காலமெல்லாம் காத்த பாதைக்குக் கிடைத்த புகழ் என்று அவர் முகம் மலர்ந்தது. எனக்கோ சிரிப்பு வரவில்லை. மாலையில் அத்தையுடன் நிலையத்திற்குச் சென்றேன். சீசன் டிக்கெட்டின் விலையைச் சாளரத்தில் தாமே கேட்டார். கேட்டு, முந்தானையில் முடிந்திருந்த பணத்தை எண்ணிப் பார்த்து, மீண்டும் முடிந்துகொண்டார். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார். சென்னை செல்லும் வண்டி தூரத்தில் ஊதிற்று.