பேரில்லாத கேசட்

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'பேரில்லாத கேசட்'. அந்தப் பெயரை வைத்தவர் அப்பா.

உறையில் அண்ணன் நீல மையில் 'ஹவ் டு நேம் இட்? - இளையராஜா' என்று எழுதியிருந்தார். அப்பா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அர்த்தம் கேட்டார். "இதுக்கு என்னன்னு பேர் வைக்கிறதுன்னு அர்த்தம்ப்பா" என்றார் அண்ணன். "பேரு வைக்கத் தெரியாதவன் எதுக்குடா கேசட்டு போடுறான்?" என்று கேட்டுவிட்டு அப்பா கொல்லைப்பக்கம் போய்விட்டார். ராஜாவையே அப்படிச் சொல்லிவிட்டாரே என்று அண்ணனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அப்போது அண்ணன் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தார். துண்டுச்சீட்டில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் பதிவு செய்து தரும் கடை. 1986-இல் 'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்' இரண்டும் வந்திருந்தன. கடையில் நிற்க இடம் இருக்காது. அதே வருடம் வந்ததுதான் இந்த கேசட்டும். ராஜா பெயரைப் பார்த்து வாங்கிப்போன ஒருவர் மறுநாளே திரும்பி வந்து, "என்னங்க, ஒரு பாட்டுகூட இல்ல, வெறும் பிடிலா வாசிச்சிருக்கான்" என்று சண்டை போட்டாராம். கடைக்காரர் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அலமாரியில் தூங்கிய அந்த கேசட்டை அண்ணன் ஒரு வெற்று கேசட்டில் பதிந்துகொண்டு வந்தார்.

கேட்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மொத்தம் பத்து உருப்படிகள். பாட்டு வரிகள் கிடையாது. தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட இசை. முன்னணி வயலின் வி.எஸ்.நரசிம்மன். பாக் 1750-இல் இறந்தார். தியாகராஜர் 17 வருடம் கழித்து, 1767-இல் எங்கள் திருவாரூரில் பிறந்தார். ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே முடியாத இந்த இருவரையும் பண்ணைப்புரத்துக்காரர் ஒரே கூடத்தில் உட்காரவைத்துவிட்டார். 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா' என்று ஒரு உருப்படி. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்', என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன், என்று இன்னொன்று. அடுத்தது 'அண்ட் வி ஹேட் எ டாக்'. பேசினார்களாம்! அதற்கடுத்தது 'டோன்ட் கம்பேர்'. தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே ஒரு குட்டிக்கதை கிடைக்கும்.

பாக்கைச் சந்திக்கும் உருப்படியில் ஓடுவது அவருடைய மூன்றாவது வயலின் பார்ட்டிடாவின் முகப்பு. அவர் அதைத் தனி வயலினுக்கு எழுதினார், பக்கவாத்தியமே கிடையாது. ராஜா அந்த வயலினை அப்படியே ஓடவிட்டு, சுற்றிலும் வேறு தந்திக் குரல்களை எழுதிச் சேர்த்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால் என்று ஒரே தண்ணீர் பிரிந்து ஓடுமில்லையா? ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு வரப்பில் நடந்தாலும், மற்றதன் சத்தமும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்படித்தான் இதுவும். எனக்கு அப்போது வயது 15. இதெல்லாம் தெரியாது. அடிவயிற்றில் என்னவோ செய்தது, அவ்வளவுதான்.

அப்பா சின்ன விவசாயி. சங்கீதம் படித்தவர் இல்லை, ஆனால் கேள்வி ஞானம் உண்டு. தை மாதம் ஆராதனைக்குத் திருவையாறு போய்விடுவார். காவிரிக்கரையில் துண்டை விரித்து உட்கார்ந்து பஞ்சரத்தினம் ஐந்தையும் கேட்டுவிட்டு, மறுநாள் நடவு ஆட்களிடம்கூட வராளி பற்றிப் பேசுவார். சினிமாப் பாட்டு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பேரில்லாத கேசட் ஓடும்போது மட்டும் திண்ணையை விட்டு எழுந்து போக மாட்டார். ஒரு நாள், "வயலின் யாரு?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் சொன்னார். "ம்" என்றார். அந்த 'ம்'மை அண்ணன் ஒரு வாரம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். 'பாக்'கைப் பற்றிச் சொன்னபோது, "வெத்தல பாக்கா?" என்று கேட்டதைத்தான் அண்ணனால் மன்னிக்க முடியவில்லை.

அந்த கேசட்டை நாசம் செய்தவள் நான்.

எங்கள் டூ இன் ஒன்னில் சிவப்பு பட்டனும் ப்ளே பட்டனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரு சாயங்காலம் அவசரத்தில் இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டேன். கடையில் வாங்கும் ஒரிஜினல் கேசட் என்றால் பின்பக்கத்து பிளாஸ்டிக் நாக்கு உடைக்கப்பட்டிருக்கும், பதிவாகாது. இது அண்ணன் பதிந்தது. நாக்கு அப்படியே இருந்தது. சத்தம் வரவில்லையே என்று நான் முழித்துக்கொண்டு நிற்க, அப்பா உள்ளே வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். பிறகு போட்டுப் பார்த்தால், சரியாக 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' நடுவில் வயலின் அறுந்து, ஒரு கரகரப்பு. அப்புறம் அப்பாவின் குரல்:

"எங்கடி அவன்? வாய்க்கால்ல தண்ணி வந்துட்டுதான்னு பாத்துட்டு வரச் சொல்லு."

மறுபடி வயலின். பாக் எங்கள் வீட்டுக்கு வந்த நேரம் பார்த்து அப்பாவும் உள்ளே வந்துவிட்டார். அண்ணன் என்னோடு பத்து நாள் பேசவில்லை.

கொஞ்ச நாளில் டிவியில் பாலு மகேந்திராவின் 'வீடு' படம் போட்டார்கள். அந்தப் படத்துக்குப் பின்னணி இசையே இந்த கேசட்டிலிருந்து எடுத்ததுதான். சொக்கலிங்க பாகவதர் தாத்தா, பாதி கட்டிய வீட்டைப் பார்க்கக் குடையோடு தள்ளாடிப் போவார். "டேய், நம்ம பேரில்லாத கேசட்டுடா இது!" என்று கத்தினார் அப்பா. அப்பாவும் அண்ணனும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே விஷயத்துக்குச் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

1990-இல் அண்ணன் சிங்கப்பூர் போனார். ஏஜென்டுக்குப் பணம் கட்ட ஒரு மா நிலம் போயிற்று. "நெலத்த வித்துட்டு எவனுக்கோ வேலை செய்யப் போறானே" என்பது அப்பாவின் ஆற்றாமை. "தண்ணி வந்தாத்தானே நெலம்" என்பது அண்ணன் பேச்சு. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஃபோன் வந்தால் அப்பா எடுக்க மாட்டார். பணம் வந்தால் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்வார். 2011-இல் இறந்துபோனார். அதே வருடம்தான் மன்னார்குடிக்கு மறுபடியும் ரயில் வந்தது. நீடாமங்கலத்தில் இறங்கி அல்லாடாமல் நேரே ஊரில் இறங்க வேண்டும் என்பது அவர் ஆசை.

காரியத்துக்கு வந்த அண்ணன், கிளம்பும்போது அந்த கேசட்டைக் கேட்டார். அப்பாவின் குரல் வேறு எதிலும் இல்லை. தேடித் தருகிறேன் என்றேன். கேசட் என் பீரோவில், சேலைகளுக்கு அடியில் இருந்தது. ஏன் பொய் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கடைசிப் பத்து வருடம் அப்பாவைக் குளிப்பாட்டியவள் நான், இதுவாவது எனக்கு இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

2018 நவம்பர் 16, கஜா புயல். கொல்லையில் இருந்த தென்னைகளில் ஒன்று ஓட்டின் மேலேயே விழுந்தது. பீரோவுக்குள் தண்ணீர். கரண்ட் இல்லாத அத்தனை நாளும் எனக்குச் சேலைகளைப் பற்றிக் கவலை இல்லை. டேப்பில் வெள்ளையாகப் பூசணம் பூத்துவிட்டது. ஓட்டிப் பார்க்கப் பயந்து, துணியில் சுற்றி அப்படியே வைத்துவிட்டேன்.

இதற்குள் அந்த இசை முழுவதும் மொபைலிலேயே வந்துவிட்டது. சென்னையில் வேலை பார்க்கும் மகள்தான் போட்டுக் காட்டினாள். அவளுடைய ஆபீஸ் நண்பர்கள் இதை 'ப்ரோக்ரஸிவ் ராக்' ஆட்களுக்குச் சொந்தக்காரன் என்கிறார்களாம். 60-களின் கடைசியில் இங்கிலாந்தில் கிடாரும் டிரம்ஸுமாக இருந்த பையன்கள் சாஸ்திரிய இசையை இழுத்து வந்து கலந்த வகை அது. 1969-இல் ஜெத்ரோ டல் என்ற குழு பாக்கின் ஒரு நடன இசையைப் புல்லாங்குழலில் வாசித்ததைக் கேட்கவைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களுக்கு உலகம் முழுக்க ரசிகர் கூட்டம். இதற்கு என்ன இருக்கிறது? 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவை வைத்து ராஜா செய்த 'நத்திங் பட் விண்ட்'டைச் சொல்கிற அளவுக்குக்கூட இதைச் சொல்கிறவர்கள் குறைவு. 2025 மார்ச்சில் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது ஊரே கொண்டாடியது. எனக்கென்னவோ, அதற்கான கதவு இந்த கேசட்டிலேயே திறந்துவிட்டது என்றுதான் தோன்றியது. கடைசி உருப்படி 'டூ எனிதிங்' மட்டும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. 38 வருடம் கேட்டவளுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு.

மொபைலில் சத்தம் துல்லியம். ஆனால் பாக் வரும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன், வயலின் அறுபடாமல் போய்க்கொண்டே இருக்கிறது. ஏமாற்றமாக இருந்தது.

போன தீபாவளிக்கு வந்த மகளிடம் உண்மையைச் சொல்லி, டேப்பைக் கொடுத்தேன். ஊரில் பழைய ரேடியோ ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கேசட்டின் திருகாணிகளைக் கழற்றி, பூசணத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, சுருளை வேறு கூட்டுக்குள் மாற்றினார். ஒரே ஒரு தடவை ஓட்டுவோம், அதிலேயே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்றார். பாதி இடங்களில் வயலின் தண்ணீருக்குள் இருந்து வாசிப்பதுபோல் இருந்தது. அந்த இடம் வந்தது. கரகரப்பு. அப்புறம் குரல். 'தண்ணி' தெளிவாகக் கேட்டது.

அன்று இரவே அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கேசட் எங்கே இருந்தது என்பதையும் சேர்த்து எழுதினேன். இரண்டு நீல டிக் வந்து, வெகுநேரம் பதில் இல்லை. பதினொன்றரை மணிக்கு அழைத்தார். சிங்கப்பூரில் அப்போது இரண்டு மணி.

"அன்னிக்கு நான் போகலம்மா" என்றார். "நீ வந்து சொன்ன. நான் கடைக்குக் கிளம்பிட்டேன்."

"தெரியும்ண்ணே. அப்பாதான் போயிட்டு வந்தாங்க."

"தண்ணி வந்திருந்துதா?"

எனக்கு ஞாபகம் இல்லை.