வெள்ளையடித்த வீடு

தேனியிலிருந்து கம்பத்துக்குப் பேருந்தில் செல்லுகையில் இடப்புறச் சன்னலருகே அமர்வது என் வழக்கம். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என ஊர்கள் கழியக் கழிய, நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் திராட்சைப் பந்தல்களும் மாறிமாறித் தோன்றும். அவற்றுக்கப்பால் மேகமலை நீலமாய் உடன் வரும். வெளியே இத்தனை வண்ணங்களை இறைவன் வாரியிறைத்திருக்க, இங்குள்ள பழைய வீடுகளின் உட்புறம் மட்டும் வெண்மையும் காவியுமாய் அடங்கியிருப்பதேன் என்று பலமுறை வியந்ததுண்டு.

இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி முதலிய ஊர்களில் தலைமுறைகளாகக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாழ்கின்றன. அப்பகுதியில் வீடு மந்திரிக்கச் சென்ற ஒரு நண்பகலில் விடை கிடைத்தது. தெருவில் கண்ணைக் கூசவைத்த வெயில். வாசற்படி தாண்டியதும் குளுமை. இருந்ததோ ஒரே சிறு சன்னல். அதன் வழியே வந்த ஒளியைச் சுண்ணாம்புச் சுவர்கள் வாங்கி அறை முழுதும் பரப்பின. அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் காவிப் பட்டை. மாடத்திலிருந்த மாதா சுரூபத்தின் நீல முக்காடு ஒன்றே அங்கு வண்ணம். ஆகவே கண் தானாக அங்கே சென்றது.

தீர்த்தம் தெளித்து முடித்ததும் வீட்டுப் பாட்டி என்னை நிறுத்தினார். "சாமி, பேரனுக்குப் பெண் வீட்டார் வரப்போறாங்க. சுவரெல்லாம் பளபளன்னு பெயிண்ட் அடிக்கணுமாம். என் தண்டட்டியை அடகு வைக்கக் கேக்குறான். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

பேரன் தலைகுனிந்து நின்றான். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் எழவில்லை. முன்பு பணியாற்றிய பங்கில், பழைய குருமனையின் சுண்ணாம்புச் சுவர்களுக்கு எண்ணெய்ப் பெயிண்ட் பூசச் செய்தவன் நானே. இரண்டாம் மழைக்குள் அது கொப்புளம் கொப்புளமாய் எழும்பி உரிந்தது. சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியின்றிப் போனதே காரணம். பங்கு மக்களின் காணிக்கைப் பணம் அது. இதை அப்பிள்ளையிடம் மறைக்காமல் சொன்னேன்.

சுண்ணாம்பு எளிய பொருளன்று. கல்லைச் சூளையில் சுடும்போது கரியமில வாயு நீங்குகிறது; நீர் விட்டதும் கொதித்து நீறுகிறது; சுவரில் பூசியபின் காற்றிலிருந்து அதே வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது. இப்பள்ளத்தாக்குக்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணையை, 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்தது கல்லோடு சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்தே.

"வெள்ளை மட்டுமா, சாமி?" என்றான் பேரன். நியாயமான கேள்விதான். மஞ்சள் காவி சிறிது கலந்தால் சந்தன நிறம் வரும்; கரித்தூள் கலந்தால் சாம்பல் நிறம். நீறிய சுண்ணாம்பை ஓரிரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கஞ்சி சேர்க்கவேண்டும். சுவரை முதலில் நனைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடிப்பதே முறை. தடித்துப் பூசினால் பொருக்காக உதிரும். கண்ணில் தெறிக்காமல் காத்துக்கொள்வது மிக அவசியம்.

முன்கூடத்துக்குச் சந்தன நிறம், மற்றவற்றுக்கு வெள்ளை எனப் பேசி முடிந்தது. பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற கவலை அவன் முகத்தை விட்டு முற்றிலும் அகலவில்லை. நான் புறப்படுகையில் பாட்டி தம் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவனோ பானை தேடிக் கொல்லைப்புறம் சென்றுவிட்டான்.