கட்டியது யார்?

ஆங்கிலப் பாடத்தில் நான் மிகவும் அஞ்சிய பகுதி பிழை திருத்தம். ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டால் அகராதியைப் புரட்டலாம். எல்லாச் சொற்களுக்கும் பொருள் தெரிந்தும், பிழை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விழித்தால் யாரிடம் போவது? அந்த அச்சம் எனக்கு எப்படி நீங்கிற்று என்பதை நண்பர்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். அதற்குக் காரணம் எங்கள் வீட்டுப் படகு.

எங்கள் ஊர் கோட்டக்குப்பம். புதுவையின் வடக்கு எல்லையைத் தாண்டியதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருவது. அப்பா கடல் தொழில் செய்பவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், கையொப்பம் இடுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆகவே தெருவில் யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். எனக்குத் தெரிந்தது எவ்வளவு என்பது எனக்கு மட்டுமே தெரியும்!

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்பே அப்பாவும் அண்ணனும் பைபர் படகை மேட்டில் ஏற்றி, தென்னையில் கட்டி, எஞ்சினைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். ஆயினும் ஒரு பேரலை கயிற்றை அறுத்துப் படகைக் கொண்டுபோய்ப் பாறைக்கற்களில் மோதியது. எஞ்சின் உடைந்தது. காப்பீடு இருந்தது. நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும். முதலாண்டு மாணவியான நான் எழுதினேன்.

"படவ மேல ஏத்தி, தென்னையில கட்டி, அலை அடிச்சி எஞ்சின் போச்சும்மா" என்று அப்பா சொன்னதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றினேன். "ஹேவிங் டைட் இட் டு எ கோக்கனட் ட்ரீ, எ பிக் வேவ் ஸ்ட்ரக் தி போட்" என்பது ஒரு வாக்கியம். "வீ புல்டு தி போட் அஷோர், டையிங் தி ரோப் அண்ட் டு கவர் தி எஞ்சின்" என்பது மற்றொன்று. 'ஹேவிங்' போட்டு எழுதியதில் எனக்குப் பெருமை வேறு!

இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. பணம் வரவில்லை, இரண்டு கேள்விகள் வந்தன. படகைக் கட்டியது யார்? எஞ்சினை மூடினீர்களா, அல்லது மூட எண்ணியிருந்தீர்களா? தக்க பாதுகாப்புச் செய்திருந்தால்தான் இழப்பீடு உண்டாம். அப்பாவுக்குக் கோபம். "கட்டுனது நானு. பின்ன அலையா வந்து கட்டுச்சு?" என்றார். சொந்தப் படகு வைத்திருந்தவர் அந்நாட்களில் பிறர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் தலை குனிந்து நின்றேன்.

மறுநாள் இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்கு வந்ததும், அக்கடிதத்தை ஆங்கிலப் பேராசிரியையிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "உன் வாக்கியத்தில் அலைதானே படகைக் கட்டியிருக்கிறது?" என்றார். பிறகு விளக்கினார். ஆங்கிலத்தில் அத்தகைய அடைமொழித் தொடர் முன்னால் வந்து காற்புள்ளி இட்டால், அதையடுத்து எழுவாயாக நிற்கும் பெயரே அச்செயலைச் செய்தவர். நான் காற்புள்ளிக்குப் பின் அலையை நிறுத்தியதால், கட்டிய பொறுப்பு அலையின் தலையில் விழுந்துவிட்டது.

இரண்டாம் வாக்கியத்தின் பிழை வேறு. 'அண்ட்' என்பது சமமானவற்றை இணைக்கும் சொல். நடந்து முடிந்த மூன்று செயல்களும் ஒரே வடிவில் நிற்க வேண்டும்: புல்டு, டைட், கவர்டு. நான் ஒன்றை இறந்தகால வினையாகவும், ஒன்றை 'இங்' சேர்த்தும், ஒன்றை 'டு' சேர்த்தும் எழுதினேன். 'டு கவர்' என்றதும் செய்த வேலை, செய்ய நினைத்த வேலையாக மாறிவிட்டது.

நம் தமிழ் வழக்கே என்னைக் கெடுத்தது என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் தமிழையா. வினையெச்சம் நடத்திய அன்று அவர் சொன்னார்: "செய்து என்னும் வாய்பாட்டு எச்சமும், அது சென்று முடியும் வினையும் ஒரே வினைமுதலைக் கொள்ள வேண்டும். தொல்காப்பிய வினையியலே இதைச் சொல்கிறது." 'கட்டி அடித்தது' என்றால் கட்டியதும் அடித்ததும் ஒருவரே. 'கட்டி, அலை அடித்தது' என்பது தமிழிலும் வழுதான். அப்பா வாய்மொழியாகச் சொன்னபோது, விட்டுப்போன எழுவாயை அவர் முகமே எனக்குக் காட்டிற்று. கடிதத்துக்கு முகம் ஏது?

'மழை பெய்து நெல் விளைந்தது' என்கிறோமே என்று நான் கேட்டேன். அங்கே 'பெய்து' என்பது 'பெய்ய' என்பதன் திரிபு என்று இலக்கணம் அமைதி கூறுவதை ஐயா எடுத்துக்காட்டினார்.

வினைகளின் சமநிலையும் நமக்குப் புதிதன்று. 'அப்பாவும் அண்ணனும் வந்தார்கள்' என்கிறோம். 'அப்பாவும் அண்ணன் வந்தார்கள்' என்று நம் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லாது. எண்ணும்மை ஒன்றில் வந்தால் மற்றதிலும் வர வேண்டும். இரு மொழிக்கும் ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. தமிழ், 'ஏற்றி, கட்டி, மூடினோம்' என்று முன்னவற்றை எச்சமாக்கி, கடைசி ஒன்றை முற்றாக்கும். ஆங்கிலம் மூன்றையும் முற்றாகவே நிறுத்தும். அந்த எச்சங்களை 'இங்' என்றும் 'டு' என்றும் கண்டபடி பெயர்த்ததே நான் செய்த தவறு.

கடிதத்தைத் திருத்தி எழுதினேன். "ஆஃப்டர் வீ ஹேட் டைட் தி போட் டு எ கோக்கனட் ட்ரீ, எ பிக் வேவ் ஸ்ட்ரக் இட்." அப்பா தமிழில் சொல்லச் சொன்னார்; சொன்னேன். "நாங்க கட்டுனோம்னு போட்டிருக்கியா?" என்று இருமுறை கேட்ட பிறகே கையொப்பம் இட்டார். கேட்ட தொகை முழுவதும் வரவில்லை. பாதிக்குச் சற்று மேல் வந்தது. அதைக் கொண்டு எஞ்சினைப் பழுது பார்த்தோம்.

நண்பர்களே, பட்டம் பெற்றபின் நம்மில் பலர் எழுதப்போகும் ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷனின் பட்டதாரி நிலைத் தேர்வில், முதல் கட்டத்தின் 100 வினாக்களில் 25 ஆங்கிலம். தவறான ஒவ்வொரு விடைக்கும் அரை மதிப்பெண் குறையும். பிழை திருத்தம் வந்தால் இரண்டு செய்யுங்கள். 'அண்ட்' என்ற சொல்லின் இருபுறமும் நிற்பவை ஒரே வடிவில் உள்ளனவா என்று பாருங்கள். காற்புள்ளிக்கு முன் ஒரு செயல் எழுவாயின்றி நின்றால், பின்னால் வரும் எழுவாயைச் சுட்டி, "கட்டியது இவர்தானா?" என்று கேளுங்கள்.

மதிப்பெண் கிடைக்கும். நாளை யாரேனும் ஒரு பெரியவர் தம் உழைப்பை எழுதித் தரச் சொல்லி நம்மிடம் வரும்போது, அவர் செய்த வேலையை அவர் பேரிலேயே எழுதவும் கைவரும்.