ஏறியது ஆதம் வழி, இறங்கியது ஏவாள் வழி

சிவனொளிபாதமலை இலங்கையின் மிக உயர்ந்த மலையன்று. 2,524 மீட்டர் உயர்ந்து நிற்கும் பீதுருதாலகாலைக்கு முன்னால், 2,243 மீட்டர் கொண்ட இம்மலை தம்பி முறையே ஆகும். ஆயினும் ஏனைய சிகரங்கள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து கூட்டமாய் நிற்க, இது மட்டும் கூம்பு வடிவில் தனித்து நிற்கின்றது. அதனாலேயே கடலில் வந்த மாலுமிகளின் கண்ணில் முதலிற் பட்டதும், எல்லாச் சமயத்தவரின் மனதிலும் இடம்பெற்றதும் இதுவாயிற்று. சைவர்கள் அதன் உச்சியில் சிவபிரானின் திருவடியைக் காண்கின்றனர். பௌத்தர்கள் புத்தபெருமானின் பாதத்தையும், இஸ்லாமியர் ஆதம் நபியின் அடிச்சுவட்டையும் காண்கின்றனர். கிறிஸ்தவர்களிற் சிலர் அதனைப் புனித தோமையாருக்கு உரியதென்பர்.

இம்மலைக்குச் சென்று வந்த நம்மவரிற் பெரும்பாலோர் ஹற்றன் வழியாகவே சென்றிருப்பர். நல்லதண்ணியில் பஸ்ஸை விட்டிறங்கினால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். வழிநெடுக மின்விளக்குகளும் தேநீர்க் கடைகளும் உண்டு. களைத்தவன் எங்கும் அமரலாம். ஆனால் பழைய யாத்திரிகர்களின் வழி இதுவன்று. அவர்கள் இரத்தினபுரியிலிருந்து கிலிமலை, பலாபத்தல என்னும் ஊர்களைக் கடந்து, காட்டினூடாக ஏறினர். பதினோராம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு மன்னன், இவ்வழியே செல்வோர் படும் துயரைக் கண்டு இரங்கி, அவர்களுக்கு அன்னமிடும் பொருட்டுக் கிலிமலைக் கிராமத்தைத் தானமாக அளித்தான் என மகாவம்சம் கூறுகின்றது. வழியில் உணவின்றி வருந்தியோர் பலராய் இருந்தாலன்றி, ஓர் அரசன் ஊரையே எழுதிக் கொடுப்பானா?

தமிழராகிய நமக்கு இம்மலையோடு இன்னுமொரு தொடர்புண்டு. 1344ஆம் ஆண்டில் மொறோக்கோ தேசத்து யாத்திரிகர் இபுன் பதூதா புத்தளத்தில் வந்து கரையேறியபோது, அங்கே அவரை வரவேற்றவன் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. பாரசீக மொழி அறிந்திருந்த அம்மன்னன், விருந்தாளிக்கு முத்துக்களைக் காட்டி மகிழ்வித்தபின், வேண்டுவது யாதென வினவினான். ஆதமின் பாதத்தைத் தரிசிப்பதன்றி வேறொன்றும் வேண்டேன் என்றார் அவர். உடனே பல்லக்கும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், உணவுச் சுமை தூக்குவோர் பதினைவரும் ஆயத்தமாயினர். ஒரு முஸ்லிம் யாத்திரிகரைத் தமிழ் மன்னன் யோகிகளின் துணையோடு சிங்கள நாட்டு மலைக்கு அனுப்பிய அக்காட்சியை நான் மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம், அவர்கள் கதை கேட்பது போலவே கேட்பார்கள்.

மலைக்கு இரு வழிகள் உண்டென்று இபுன் பதூதா எழுதினார். ஒன்று பாபா வழி, மற்றையது மாமா வழி. அதாவது ஆதம் வழியும் ஏவாள் வழியும். (நம் வீட்டு மாமாவை இதற்குள் இழுக்க வேண்டாம்!) மாமா வழி எளியது. ஆனால் அதில் ஏறியவன் யாத்திரை செய்தவனாகவே கணிக்கப்பட மாட்டான். இறங்குவதற்கு மட்டுமே அது உரியது. பாபா வழியோ செங்குத்தானது, கடினமானது.

இந்தப் பகுதியை ஒருநாள் மாலை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியதன் பலன், 2019ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாங்கள் ஐவர் ஒரு வானில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டமை. ஆசிரியர் இருவர், வங்கி உத்தியோகத்தர் ஒருவர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான அறுபத்தேழு வயதுப் பெரியண்ணர், கிளிநொச்சியிலிருந்து ஏறிக்கொண்ட நண்பர் ஒருவர். இந்தக் கிளிநொச்சி நண்பரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அவருடைய பெற்றோர் மஸ்கெலியாத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலைநாட்டை விட்டு வன்னிக்கு வந்த எத்தனையோ குடும்பங்களுள் ஒரு குடும்பத்தினர். மலையின் அடிவாரத்திலிருந்து ஏழு முறை உச்சிக்கு ஏறியவர் அவருடைய தாயார். மகனோ அதனைப் படத்தில் மட்டுமே கண்டவர். புறப்படும்போது அத்தாயார் அவர் கையில் ஒரு சிறு பொட்டலம் கர்ப்பூரத்தைக் கொடுத்து, உச்சியிற் பாதியும் கீழே பழைய கோவிலடியிற் பாதியுமாகக் கொளுத்தும்படி பணித்திருந்தார்.

மதவாச்சி வரை நேர்வீதி. அங்கிருந்து அநுராதபுரம் சென்று, புத்தளத்துக்குத் திரும்பினோம். நேரே கண்டிக்குப் போயிருக்கலாமே என்று சாரதி இருமுறை கேட்டார். இபுன் பதூதா கரையேறிய ஊரிலிருந்துதான் யாத்திரை தொடங்கவேண்டும் என்பது ஆசிரியர்கள் இருவரின் பிடிவாதம். அதிகாலையில் புத்தளம் களப்பின் ஓரத்தில் நின்று பாணும் சம்பலும் உண்டோம். ஆரியச்சக்கரவர்த்தியின் காலத்துச் சுவடு எதுவும் எங்கள் கண்ணிற் படவில்லை. உப்புக்காற்று மட்டும் பழையதாயிருந்தது. பிறகு சிலாபம், முன்னேசுவரத்தில் ஒரு கும்பிடு, அங்கிருந்து தென்னந்தோப்புகளின் நடுவே நீண்ட வெயிற்பயணம். ஹங்வெல்ல, அவிசாவளை கடந்தபின்னரே காற்றிற் குளிர்ச்சி தெரிந்தது. இரத்தினபுரியின் வயல்களில் மாணிக்கக் குழிகளின் மேல் வேய்ந்த சிறு கூரைகளைக் கண்டோம். மாணிக்கம் விளையும் மண்ணில் வாழும் மக்களின் வீடுகள் மற்ற ஊர்களின் வீடுகளைப் போலவே இருந்தன.

பிற்பகல் மூன்று மணிக்குப் பலாபத்தலவில் வானை விட்டிறங்கினோம். சாரதி வந்த வழியே திரும்பி, அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹற்றன் எனச் சுற்றி, மலையின் மறுபுறத்தில் நல்லதண்ணியில் எங்களுக்காகக் காத்திருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. வான் வளைவில் மறைந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இனித் திரும்புவதென்றாலும் மலையைக் கடந்தே திரும்பவேண்டும்!

நல்லதண்ணி வழியில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏறினாற் போதும். இவ்வழியிலோ ஆயிரத்து எண்ணூறு மீட்டர் அளவு ஏறவேண்டும். முதல் ஒரு மணி நேரம் எல்லாரும் பேசிக்கொண்டே நடந்தோம். அதன்பின் பேச்சு நின்றுவிட்டது. வேர்கள் படிகளாகவும் படிகள் வேர்களாகவும் மாறி மாறி வந்தன. மரங்களின் முடிகள் மேலே ஒன்றோடொன்று பின்னி, வெளிச்சத்தைத் துளித்துளியாகவே கீழே விட்டன. நாடெங்கும் வரட்சியாயிருந்தும் அக்காட்டின் தரை ஈரமாகவே இருந்தது. ஈரமிருந்தால் அட்டையும் இருக்குமன்றோ? இபுன் பதூதாவும் இந்த அட்டைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவை மரத்திலும் புல்லிலுமிருந்து மனிதர்மேற் பாயுமென்றும், மக்கள் எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாக வைத்திருந்து பிழிந்துவிடுவர் என்றும் அவர் சொல்கிறார். நாங்கள் காலிற் சவர்க்காரம் பூசியிருந்தோம். வங்கி உத்தியோகத்தர் மட்டும் எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். எழுநூறு ஆண்டுகளின் பின்பும் எலுமிச்சம்பழமே வென்றது.

நீலிஹெல என்னும் செங்குத்துப் பாறையின் ஓரத்தில் இருட்டிவிட்டது. நீலி என்ற பெண்ணொருத்தி அங்கிருந்து வீழ்ந்து இறந்தாளாம். அவள் பெயரைச் சொல்லி அழைத்தால் பள்ளத்திலிருந்து மறுகுரல் வருமென்பது யாத்திரிகரின் வழக்கு. எங்கள் முன்னே சென்ற சிங்களச் சிறுவர் கூவினர், எதிரொலி வந்தது. இருட்டில் அதைக் கேட்டபோது, பௌதிகம் கற்பிக்கும் எங்கள் ஆசிரியரும் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

யாத்திரிகரிடையே சில நல்ல கட்டுப்பாடுகள் உண்டு. எதிர்ப்படுவோரைக் 'கருணாவாய்' என்று வாழ்த்தவேண்டும். கடுஞ்சொல் பேசலாகாது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கவே கூடாது. எங்கள் வங்கி உத்தியோகத்தர் ஆகையினால் தூரத்தைக் கேளாது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தைக் கேட்டு வந்தார்.

நள்ளிரவின்பின் ஹெரமிட்டிப்பான என்னும் தங்குமடத்தை அடைந்தோம். குருவிட்டையிலிருந்து வரும் காட்டுவழியும் இங்கேதான் வந்து சேர்கின்றது. ஹெரமிட்டி என்றால் ஊன்றுகோல். கீழே வியர்த்து வழிந்த நாங்கள் இங்கே பல் கிட்டி நடுங்கினோம். ஒரு மணி நேரம் இளைப்பாறி எழுந்தபோது பெரியண்ணரின் நடை தளர்ந்துவிட்டதைக் கண்டோம். ஆண்டியமலதென்ன என்னும் இடத்தில் அவர் ஒரு கல்லில் அமர்ந்துவிட்டார். நெற்றி வியர்த்திருந்தது, மூச்சு அடங்க வெகுநேரம் பிடித்தது. ஆண்டி ஒருவன் இறந்த இடம் என்பதே அப்பெயரின் பொருளென்பர். தென்னாட்டிலிருந்து வந்த ஆண்டிகள் எத்தனை பேர் இந்தக் குளிரில் உயிர்விட்டனரோ! பெயரின் பொருளை நாங்கள் அவருக்குச் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் அவர் முன்னரே அறிந்திருந்தார்.

"தம்பிமார், நீங்கள் போங்கோ. நான் இதிலே இருந்து விடியவிட்டு மெல்ல வாறன். ஆண்டிக்கு ஒரு துணையாய்ப் போச்சு" என்றார்.

சிரிப்பதா, அஞ்சுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவரைத் தனியே விடமுடியாது. முன்னே சுமந்து செல்லவும் இயலாது. பின்னே ஒன்பது மணி நேரக் காடு. இருவர் அவரோடு தங்குவதென்றும் மற்றவர் ஏறுவதென்றும் முடிவுசெய்யும் வேளையில், கிராமத்தவர் கூட்டமொன்று பாடிக்கொண்டே வந்தது. அவர்களை வழிநடத்தியவர் எழுபதைக் கடந்த ஒரு பாட்டி. அவர் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. போத்தலிலிருந்து சூடான இஞ்சித் தேநீரை வார்த்துப் பெரியண்ணரின் கையிற் கொடுத்தார். அரை மணி நேரம் பேசாமல் அருகிலேயே அமர்ந்திருந்தார். மூச்சுச் சீரானதும், பத்துப் படி, பிறகு நிற்பது. பத்துப் படி, பிறகு நிற்பது என்று கைவிரலால் எண்ணிக் காட்டினார். பெரியண்ணருக்குச் சிங்களமும் பாட்டிக்குத் தமிழும் நாலைந்து சொற்களுக்கு மேல் வராது. அந்த நாலைந்து சொற்களைக் கொண்டே இருவரும் மஹகிரிதம்ப என்னும் இறுதி ஏற்றத்தை ஏறினர். பாட்டியின் கூட்டத்தவர் ஒருவர்கூட முந்திச் செல்லவில்லை. கைபிடிக்க இரும்புக் கம்பிகள் இருந்தன. இபுன் பதூதா ஏறியபோது பத்துச் சங்கிலிகள் தொங்கினவாம். பத்தாவது சங்கிலியில் நின்று கீழே நோக்கியவர், விழுந்துவிடுவோமென்ற அச்சத்தால் கலிமா ஓதினாராம். மூன்று மணியளவில் எழுந்த தேய்பிறைச் சந்திரனின் ஒளியில் நானும் கீழே பார்த்தேன். எனக்குத் தெரிந்த தேவாரம் ஒன்றை ஓதினேன்.

விடிவதற்குச் சற்று முன்னர் உச்சி. சிறு மேடை, அதில் நூற்றுக்கணக்கானோர். ஐந்தடிக்கு மேல் நீண்ட திருவடித் தடத்தை ஒரு கணமே தரிசிக்க முடிந்தது. எத்தனையாவது முறை ஏறினோமோ அத்தனை முறை மணியடிப்பது வழக்கம். பெரியண்ணர் ஒருமுறை அடித்தார். பாட்டி அடித்ததை எண்ணத் தொடங்கி, பதினெட்டுக்குப் பின் விட்டுவிட்டேன். எங்கள் கிளிநொச்சி நண்பர் தமக்காக ஒன்றும் தாயாருக்காக ஏழுமாக அடித்தார். அது முறைதானா என்று யாரும் விசாரிக்கவில்லை.

பின்னர் கதிரவன் எழுந்தான். எல்லாரும் கிழக்கை நோக்கிக் கைகூப்ப, பௌதிக ஆசிரியர் எங்களை மேற்குப் பக்கத்துக்கு இழுத்துச் சென்றார். அங்கே, இரவெல்லாம் நாங்கள் ஏறிவந்த காட்டின் மேலும் மூடுபனியின் மேலும், மலையின் நிழல் அப்பழுக்கற்ற முக்கோணமாய் நீண்டு கிடந்தது. மலை கூம்பாயிருப்பதால் மட்டும் நிழல் அவ்வாறு தோன்றுவதில்லையாம். எந்த மலையுச்சியில் நின்று பார்த்தாலும், நெடுந்தொலைவுக்கு நீளும் நிழல், தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றாய்க் கூடுவது போல ஒரு முனையாகக் குவிந்தே தெரியுமென்றார். சூரியன் ஏற ஏற நிழல் எங்களை நோக்கிச் சுருங்கி வந்து, சில நிமிடங்களில் மறைந்தது.

இறக்கத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. இந்திகட்டுப்பானவில் யாத்திரிகர் ஊசி நூல் சாத்தும் வழக்கத்தைக் கண்டோம். சீதகங்குல ஓடையில் முகம் கழுவினோம். ஏவாள் வழி ஏறுவதற்கு எளிதாயிருக்கலாம். களைத்த முழங்காலோடு அத்தனை சீமெந்துப் படிகளையும் இறங்குவது எளிதன்று. காட்டுவழியில் மிக அரிதாகவே கண்ட பிளாஸ்ரிக் போத்தல்களை இங்கே எண்ண முடியவில்லை. பாதத்தைக் கும்பிடப் போகிறவன் பாதையை ஏன் இப்படி நடத்துகிறான் என்பது எனக்கு விளங்கவில்லை. கீழே நல்லதண்ணி; வெள்ளையர் டல்ஹவுசி என்று பெயரிட்டும் தோட்டத்து மக்கள் வாயில் அது நல்லதண்ணியாகவே நிலைத்துவிட்டது.

அங்கிருந்து மஸ்கெலியா செல்லும் வீதி மவுசாகலை நீர்த்தேக்கத்தை ஒட்டிச் செல்கின்றது. 1960களின் பிற்பகுதியில் மஸ்கெலியா ஓயாவை மறித்து இதனைக் கட்டியபோது, பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கியது. மக்கள் மேட்டில் புதிய நகரத்துக்குக் குடிபெயர்ந்தனர். கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் அடியிலே தங்கிவிட்டன. அந்நாட்களில் வரட்சியினால் நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுவதும் மின்வெட்டு அமுலில் இருந்தது. எல்லாரும் மழைக்கு வேண்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்திலேதான், எங்கள் நண்பரின் தாயார் சொன்ன கோவில் வெளியே தெரிந்தது. வெடித்த சேற்றின் நடுவே சிதைந்த சுவர்களும் கற்களுமாய் நின்றது.

நாங்கள் வீதியோரம் நின்றோம்; அவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நடந்தார். சேறு சில இடங்களில் கணுக்காலளவு புதைந்தது. கல்லொன்றின் மேற் கர்ப்பூரத்தை வைத்து ஏற்றினார். காற்றில் அது இருமுறை அணைந்தது. மூன்றாம் முறை பற்றியது. பெரியண்ணர் வானுக்குள் இருந்தவாறே கைகூப்பினார். திரும்பி வந்த நண்பர் தொலைபேசியில் தாயாரை அழைத்து, "அம்மா, கோவில் தெரியுது" என்றார். மறுமுனையில் என்ன சொன்னாரோ, அவர் வெகுநேரம் 'ஓம், ஓம்' என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார். சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கோவிலின் எந்தப் பக்கத்தில் வாசல் இருந்ததென்று கேட்டறிந்துகொண்டார். அந்தி சாயுமுன் ஹற்றனை அடைந்தோம்.