நடராஜன் அண்ணன் வரலையா?

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் இருக்கிறது ஆட்டையாம்பட்டி. முறுக்குக்குப் பேர்போன ஊர். இங்கே ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பேர் விடியும் முன்பே எழுந்துவிடுகிறார்கள். அம்மா முறுக்கு சுற்றும் வேலைக்குப் போகிறார். 22 வயது மகன், டென்னிஸ் பந்து டோர்னமென்ட்டுக்குக் கிளம்புகிறான்.

முதல் பரிசு 10,000 ரூபாய் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. ஜெயித்தால் 11 பேருக்குப் பங்கு. ஆளுக்கு 909 ரூபாய். நுழைவுக் கட்டணம், பெட்ரோல், மதியச் சாப்பாடு போனால் கையில் நிற்பது சொற்பம். தோற்றால் அதுவும் இல்லை.

"இன்னும் ஒரே வருசம்மா... நடராஜன் அண்ணன் வரலையா?"

அம்மாவிடம் இதற்குப் பதில் இல்லை. நிஜமாகவே வந்தாரே!

இதே சேலம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டிக்காரர் நடராஜன். அப்பா கூலித் தொழிலாளி. அம்மா சாலையோரம் சிக்கன் கடை வைத்திருந்தார். 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரை, பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர், மூன்று வகை கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டுத் திரும்பினார்.

ஊர் பேசுவது இந்த வெற்றியை மட்டும்தான். 2015-ல் ரஞ்சியில் அறிமுகமானதுமே அவருடைய பந்துவீச்சு முறை மீது புகார் எழுந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஹைதராபாத் அணியில் 2018, 2019 இரண்டு சீசன்களிலும் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் நடுவே அவரைத் தாங்கிப் பிடித்தவர், அதே ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ். சென்னைக்கு அழைத்துப்போய் வழிகாட்டியவரும் அவர்தான். அந்த நன்றியில் 'ஜேபி' என்ற எழுத்துகளைத் தன் ஜெர்சியிலேயே போட்டுக்கொண்டார் நடராஜன்.

எல்லா ஊரிலும் ஒரு ஜெயப்பிரகாஷ் இருப்பதில்லை. இருந்தாலும் இடங்கள் குறைவு. ஐ.பி.எல்லில் 10 அணிகள். ஓர் அணியில் அதிகபட்சம் 25 பேர். அதில் 8 பேர்வரை வெளிநாட்டவர். அந்த எட்டும் நிரம்பினால், மொத்த இந்தியாவுக்கும் 170 இடம்தான். 2021-ல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி, ரஞ்சியில் புதுமுகத்துக்கே ஒரு நாளைக்கு 40,000 ரூபாய். ஆனால், மாநில அணியின் ஆடும் 11 பேரில் இடம்பிடித்தால்தான் அது முழுசாகக் கிடைக்கும். வெளியே உட்கார்ந்தால் பாதி. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு முயலலாம் என்றால், அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ் கேட்கிறார்கள். இந்த மாதிரி ஊர்க் கோப்பைகள் அங்கே செல்லாது.

முதல் சம்பளம் வரும்வரை அந்த வருடங்களுக்கெல்லாம் சம்பளம் கொடுப்பது வீடுதான். அம்மா சுற்றும் முறுக்கில்தான் அவனுடைய ஷூ, பஸ் காசு எல்லாமே இருக்கிறது. அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் புது ஷூ கேட்க மூன்று மாதமாகத் தயங்குகிறான்.

நடராஜன் இப்போது சின்னப்பம்பட்டியில் சொந்தமாக ஒரு மைதானமே அமைத்துவிட்டார். 2023-ல் திறந்தார்கள். அடுத்து வருகிற பையன்களுக்குப் பந்து போட ஓர் இடமாவது கிடைத்திருக்கிறது.

கிளம்பும் மகனிடம், மாவு ஒட்டிய கையோடு வாசல் வரை வந்தார் அம்மா.

"விளையாடு கண்ணு, வேண்டாங்கல. ஆனா, அந்த ஐ.டி.ஐ. ஃபாரத்தையும் எழுதிப் போட்ரு."

அவன் வண்டியை உதைத்தான். "திங்கக்கிழமை போட்டுர்றேம்மா."