ஒரே ஏரி, பல பாடுகள்

எங்கள் திருப்பாலைவனத்தை அடுத்து, பழவேற்காடு ஏரியை நம்பி வாழும் மீனவ ஊர்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் அகப்படும் இடங்களைப் பிரித்து, இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்வர். ஏரி ஒன்றே, தொழில் செய்வோர் பலர். (எவருக்குப் பாடு உண்டு, எவருக்கு இல்லை என்னும் வழக்கு நெடுங்காலமாக நடப்பது, அது தனிக்கதை.)

இலக்கியம் படித்த எனக்கு 'சர்வர்' என்பது விளங்கியது இம்முறையைக் கொண்டுதான். வளைகுடாவிலிருந்து நம் பிள்ளைகள் அனுப்பும் பணத்தின் கணக்கு எங்கோ ஒரு பெருங்கணினியில் இருக்கிறது. ஒரு மென்பொருள் அக்கணினியின் நினைவகத்தையும் ஆற்றலையும் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் தனிக்கணினி போல இயங்கச் செய்கிறது. இது புதிதன்று, ஐ.பி.எம். நிறுவனம் 1972இலேயே 'வி.எம்./370' என்று வெளியிட்டதுதான். ஒரு பிரிவிலுள்ளவர் அடுத்த பிரிவை எட்டிப் பார்க்க இயலாது என்பதே இதன் உயிர். அச்சுவரிலும் கசிவு உண்டென்று 2018 ஜனவரியில் உலகம் அறிந்தது. வேகத்திற்காக, வரப்போகும் கட்டளைகளைச் செயலி ஊகித்து முன்கூட்டியே செய்து பார்க்கிறது. அதன் தடயத்தைக் கொண்டு பிறருடைய இரகசியத்தை அறியக்கூடும் என்று கண்டனர். 'மெல்ட்டவுன்', 'ஸ்பெக்டர்' என்று அவற்றிற்குப் பெயர். திருத்தங்கள் வந்தன, சில பணிகளில் வேகமும் குறைந்தது.

இனி, செய்தி செல்லும் வழி. முன்பு ஆள் அமர்ந்து ஒவ்வொன்றாக அமைத்ததை இன்று பெரும்பாலும் கணினிகளே அமைத்துக்கொள்கின்றன. ஒரு வழி அடைபட்டால் மறுவழி தேடுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் 2021 அக்டோபர் 4 அன்று நடந்ததைக் கேளுங்கள். பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை ஃபேஸ்புக் நிறுவனத்தின் தரவு மையங்களுக்கிடையே இருந்த இணைப்புகளைத் துண்டித்துவிட்டது. அத்தகைய கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை இருந்தது. தரவு மையங்களை எட்ட முடியாத முகவரிக் கணினிகள், தம் இணைப்பே பழுதென்று கருதி, தம்மை அடையும் வழிகளைத் தாமே விலக்கிக்கொண்டன. எவரும் சொல்லவில்லை; அப்படித்தான் அவை பழக்கப்பட்டிருந்தன! வாட்ஸ்அப் உலகெங்கும் ஏறத்தாழ 6 மணி நேரம் ஊமையாயிற்று. பொறியாளர்கள் நேரில் சென்றே சீர்செய்ய வேண்டியதாயிற்று.

பாட்டில் தகராறு வந்தால் ஊர் கூடிக் கேட்கும். இந்தச் சுவர்களையும் வழிகளையும் கேட்பவர் மிகச் சிலரே. அவர்கள் நமக்கு வெகு தொலைவில் இருக்கிறார்கள். ஆகவே, தாய்மார்களே, வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் எண்ணையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் ஒரு நோட்டில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். எங்கள் மதரஸாவில் பெற்றோரின் எண்களை இன்றும் பதிவேட்டில் மையால்தான் எழுதுகிறோம். இளம் உஸ்தாதுமார்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.